'எதுவும் சொல்ல மாட்டேங்குறாங்க!' - டீன் ஏஜ் பிள்ளைகளை வளர்த்த ஆசிரியர்கள் கண்டுகொண்டது என்ன?

"எட்டாவது படிக்கிற வரைக்கும் ஸ்கூல்ல நடந்த எல்லாத்தையும் வந்து கொட்டிடுவான். இப்ப வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ரூம் கதவைச் சாத்திக்கிறான்..."

பெற்றோர் - ஆசிரியர் கூட்டம் நடக்கும் நாளில் எந்தப் பள்ளியின் வராந்தாவில் நின்றாலும் இப்படி ஒரு வரி காதில் விழும். மயிலாப்பூரோ, தி.நகரோ, அடையாறோ... ஏரியா மாறினாலும் புலம்பல் மாறாது. பெண் பிள்ளையாக இருந்தால் 'சாத்திக்கிறான்' என்பது 'சாத்திக்கிறா' என்று ஆகும், அவ்வளவுதான்.

செல்போன் வந்ததால் முளைத்த பிரச்னை இது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால், சென்னையின் இதே பகுதிகளில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே டீன் ஏஜ் பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, அவர்களைப் படிக்கவைத்து ஆளாக்கியவர்கள் இருந்திருக்கிறார்கள். ஒருவர் துறவி. ஒருவர் பால்ய விதவை. ஒருவர் டாக்டர். இன்னொருவர், உலகப்போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கிப்போன இத்தாலியப் பெண்மணி. இவர்களின் மதமும் நம்பிக்கையும் வேறு வேறு. ஆனால், 'பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் எதைக் கொடுப்பது, எதை விடுவது?' என்ற கேள்வி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

இதே கேள்வியைப் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் இன்னொரு சமூகம், யூதர்கள். சென்னையில் இன்று யூதப் பள்ளி கிடையாது. 17-ம் நூற்றாண்டில் வைரமும் பவளமும் விற்க வந்த யூத வணிகர்கள் இங்கே இருந்தார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்ற பெயரும், லாயிட்ஸ் சாலை என்று பழைய ஆட்கள் சொல்லும் அவ்வை சண்முகம் சாலைப் பக்கம் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டமும்தான் மிச்சம். ஆனால், அவர்களுடைய கல்வி மரபில் டீன் ஏஜ் பெற்றோர் எடுத்துக்கொள்ள நிறையவே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

13 வயதில் அப்பா சொல்லும் 'அப்பாடா!'

யூத மரபில் பையனுக்கு 13 வயது நிறைந்ததும் 'பார் மிட்ஸ்வா' என்ற சடங்கு நடக்கும். பெண்களுக்கு 12 வயதிலோ 13 வயதிலோ 'பாட் மிட்ஸ்வா'. அன்றிலிருந்து தன் கடமைகளுக்கு அந்தப் பிள்ளையே பொறுப்பு. ஜெப ஆலயத்தில் பெரியவர்கள் முன்னிலையில் எழுந்து நின்று தோராவை வாசிக்க வேண்டும். அதற்காகப் பல மாதங்கள் பயிற்சி எடுப்பார்கள்.

அந்தச் சடங்கில் தந்தை சொல்வதற்கென்று ஒரு சின்ன வேண்டுதல் உண்டு. 'இனி இவன் செய்வதற்கு இவனே பொறுப்பு, அந்தச் சுமையிலிருந்து என்னை விடுவித்ததற்கு நன்றி' என்பது அதன் சாரம். கிட்டத்தட்ட ஒரு 'அப்பாடா!'

அதற்காக மறுநாளே பையனை வீட்டை விட்டு அனுப்பிவிடுவதில்லை. அவன் எட்டாம் வகுப்புக்குத்தான் போவான். ஆனால், 'நீ இனி குழந்தை இல்லை' என்று ஊரறியச் சொல்லியாகிவிட்டது. நம் வீடுகளில் பெண் பிள்ளைக்குப் பூப்புனித நீராட்டு விழா எடுக்கிறோம். ஆனால், விழா முடிந்ததும் அவளுக்குப் பொறுப்பு கூடுகிறதா, கட்டுப்பாடு மட்டும் கூடுகிறதா? பையனுக்கோ அப்படி ஒரு நாளே கிடையாது. 'பிளஸ் டூ முடியட்டும்', 'காலேஜ் முடியட்டும்', 'வேலைக்குப் போகட்டும்' என்று அந்த நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

யூதர்களின் பாஸ்கா பண்டிகை விருந்தில் இன்னொரு வழக்கம். வீட்டிலேயே சின்னப் பிள்ளை எழுந்து கேள்வி கேட்க வேண்டும், பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். அப்போது நான்கு விதமான பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். புத்திசாலிப் பிள்ளை, எதிர்த்துப் பேசும் பிள்ளை, வெள்ளந்தியான பிள்ளை, கேட்கவே தெரியாத பிள்ளை. எதிர்த்துப் பேசுகிறவனுக்குச் சூடான பதில்தான் கிடைக்கிறது. ஆனாலும் அவனுக்கும் அந்தப் பந்தியில் இலை உண்டு. நான்காவது பிள்ளைக்கு என்ன வழி? அவன் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், பெரியவர்களே பேச்சைத் தொடங்க வேண்டும் என்கிறது மரபு.

ரூம் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையும் அந்த நான்காவது பிள்ளைதான்.

பிள்ளையிடமிருந்து கற்பது நமக்கும் புதிதல்ல. அப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளையைச் சுவாமிமலையில் 'தகப்பன்சாமி' என்று கும்பிடுகிறோம். வீட்டுக்குள் மட்டும் அது ஏனோ 'எதிர்த்துப் பேசுறது' ஆகிவிடுகிறது.

முதலில் சோறு, பிறகு பாடம்

ராமகிருஷ்ண பரமஹம்சரின் நேரடிச் சீடர்களில் ஒருவரான சுவாமி ராமகிருஷ்ணானந்தர், 1897-ல் சென்னைக்கு வந்தார். ஊர் முழுக்க நடந்தே போய் வகுப்புகள் எடுத்தவர் அவர். கோவையில் பிளேக் நோய்க்குக் குடும்பத்தைப் பறிகொடுத்த சிறுவர்களின் நிலை அவரை உலுக்கியது. 1905 பிப்ரவரியில், சி.ராமசாமி ஐயங்காரின் பொறுப்பில், மயிலாப்பூரில் ஒரு சிறிய வீட்டில் ஏழு பையன்களோடு மாணவர் இல்லம் தொடங்கியது.

அந்த ஏழு பேரில் இருந்து வளர்ந்ததுதான் இன்று சர் பி.எஸ்.சிவசாமி சாலையில் இருக்கும் ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம். பின்னாளில் அதற்குள்ளேயே உறைவிட உயர்நிலைப் பள்ளியும் தொழிற்கல்வி நிலையமும் வந்தன. வசதியில்லாத வீட்டுப் பையன்களுக்கும் பெற்றோர் இல்லாதவர்களுக்கும் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம்.

இந்த இல்லத்தின் அடிப்படை குருகுல முறை. அதாவது, ஆசிரியர் மணி அடித்ததும் கிளம்பிப்போகிறவர் இல்லை. பிள்ளைகள் எழுந்திருக்கும் இடத்தில், சாப்பிடும் இடத்தில் அவரும் இருக்கிறார். காலையில் பிரார்த்தனை, பகலில் பாடம் என்றிருந்த இடத்தில் கையால் செய்யும் தொழிலும் பாடத்தில் சேர்ந்தது. பட்டறையில் கையில் கிரீஸ் ஒட்டுவதும் கல்விதான் என்று ஒரு துறவிகளின் அமைப்பு முடிவெடுத்தது சின்ன விஷயமில்லை.

டீன் ஏஜ் பையனுக்கு நல்லொழுக்கம் போதிப்பதற்கு முன்பு, அவன் ராத்திரி எங்கே படுப்பான், காலையில் என்ன சாப்பிடுவான் என்று கவலைப்பட்டார்கள். வயிறு நிறைந்து, இடம் நிலைத்த பிறகுதான் போதனை காதில் ஏறும் என்பது அந்த வரிசையிலேயே இருக்கிறது.

'சிஸ்டர்' என்று பிள்ளைகள் வைத்த பெயர்

அதே மயிலாப்பூரில் 1886-ல் பிறந்தவர் சுப்புலட்சுமி. 11 வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு மூலையில் முடங்கியிருக்க வேண்டிய வாழ்க்கை. ஆனால், அப்பா படிக்கவைத்தார். கன்னியாஸ்திரிகள் நடத்திய கான்வென்ட்டில் படித்தபோது, குடும்பம் இல்லாமலும் ஒரு பெண் ஊருக்குப் பயன்படும் வாழ்க்கை வாழ முடியும் என்பதைக் கண்ணெதிரே பார்த்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவைப் பெண் அவர்தான்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். தன்னைப் போலவே சிறு வயதில் விதவையான நான்கு பெண்களை எழும்பூர் வீட்டில் சேர்த்துக்கொண்டு படிப்பு சொல்லித்தரத் தொடங்கினார். கூடவே நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டவர், அவரைப் போலவே கணவரை இழந்த அவருடைய சித்தி. எண்ணிக்கை கூடக் கூட, இல்லம் கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸுக்கு இடம் மாறியது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் அதே கட்டடம். அங்கே வளர்ந்த பிள்ளைகள் அழைத்த 'சிஸ்டர்' என்ற பெயரே அவருக்கு நிலைத்தது.

அவர் எதிர்கொண்ட சங்கடம் இன்றைய ஆசிரியர்களுக்கும் புரியும். பெண்களின் குடும்பங்கள் வைதீகமானவை. ஆசாரத்தில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் சமையல், ஆசாரம், சடங்கு எல்லாவற்றையும் பெற்றோர் எதிர்பார்த்தபடியே நடத்தினார். பிராமண விதவைகளுக்கு மட்டும்தான் இல்லத்தில் இடம் என்பதும் அந்தச் சமரசத்தில் சேர்ந்ததே. அந்தக் காலத்திலேயே இதற்கு விமர்சனம் இருந்தது. அது நியாயமான விமர்சனமும்கூட. படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்காகத் திறந்த இடத்திலும் வாசலில் சாதி நின்றது.

ஆனால், உள்ளே வந்த பெண்கள் ஆசிரியைகளாக வெளியே போனார்கள். 1922-ல் தொடங்கிய லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியின் பொறுப்பும் சுப்புலட்சுமியிடமே வந்தது. அவர் உருவாக்கிய சாரதா வித்யாலயா பிறகு ராமகிருஷ்ணா மிஷன் நிர்வாகத்தின்கீழ் வந்து, தி.நகரில் பல தலைமுறைப் பெண்களைப் படிக்கவைத்தது. 1956-ல் மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி உருவானதிலும் அவருடைய பங்கு உண்டு. 1958-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969-ல் காலமானார்.

பெற்றோரைப் பகைத்துக்கொண்டு பிள்ளையை மாற்ற முடியாது, பெற்றோருக்குப் பயந்துகொண்டு பிள்ளையை அப்படியே விட்டுவிடவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தவர் அவர்.

அடையாறில் ஒரு டாக்டரின் வீடு

சுப்புலட்சுமி பிறந்த அதே 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. ஒரு டீன் ஏஜ் பெண் வகுப்பில் உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்பது பெரியவர்களின் பயம். மன்னர் அனுமதித்தார். 1912-ல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-ல் சட்டமன்றத்தில் நுழைந்து துணைத்தலைவரும் ஆனார்.

தேவதாசி முறையை ஒழிக்க அவர் போராடிக்கொண்டிருந்த காலம். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று வெளியேறிய இளம்பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். 1930-ல் இப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். அடையாறில் இன்றும் பெண் பிள்ளைகளுக்கான இல்லமாகவும் பள்ளியாகவும் நடக்கிறது.

சட்டம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947-ல்தான். சட்டம் வரும்போது, அன்று வந்து நின்ற பெண்களின் டீன் ஏஜே முடிந்துபோயிருக்கும். பிள்ளைகளின் விஷயத்தில் நாள் கடத்தினால் அந்த நாள் திரும்ப வராது என்று தெரிந்தவர் செய்த வேலை இது.

மான்டிசோரி என்றால் எல்.கே.ஜி. மட்டுமா?

'மான்டிசோரி' என்ற பெயர்ப்பலகை இல்லாத தெரு சென்னையில் குறைவு. அந்த மரியா மான்டிசோரி 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போரில் இத்தாலி இறங்கியதும், அவரால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியவில்லை. அடையாறிலும் கொடைக்கானலிலுமாகப் போர்க்காலத்தைக் கழித்தார்.

அவர் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் பாடம் வகுத்தவர் என்றுதான் பெரும்பாலும் தெரியும். 12 முதல் 18 வயதைப் பற்றியும் அவர் ஆழமாக யோசித்திருக்கிறார். பதின்பருவத்தை அவர் இரண்டாவது பிறப்பு போலப் பார்த்தார். பிறந்த குழந்தை எவ்வளவு மென்மையானதோ, 13 வயதுப் பிள்ளையும் மனதளவில் அவ்வளவு மென்மை. உடம்பு வேகமாக வளரும் அந்த நேரத்தில் பாடச்சுமையைக் கூட்டுவது தலைகீழ் வேலை என்பது அவர் கருத்து.

அவர் சொன்ன மாற்று வழி இன்றைக்கும் ஆச்சர்யம் தரும். இந்த வயதுப் பிள்ளைகள் ஒரு பண்ணையில் சேர்ந்து வாழ வேண்டும். பயிரிட வேண்டும், விளைந்ததை விற்கக் கடை நடத்த வேண்டும், கணக்கு பார்க்க வேண்டும். 'என்னால் ஒரு வேலையை முழுசாகச் செய்ய முடியும்' என்ற தைரியம் அதில்தான் வரும், அதற்குப் பிறகு பாடமும் ஏறும் என்றார்.

மயிலாப்பூரில் பண்ணைக்கு எங்கே போவது? போக வேண்டாம். வீட்டின் ஒரு நிஜ வேலை போதும். மாத மளிகைப் பட்டியல் போட்டு, பட்ஜெட்டுக்குள் வாங்கிவருவது. தாத்தாவின் மாத்திரைகளைப் பார்த்துக்கொள்வது. ஊருக்குப் போக டிக்கெட் போடுவது. தப்பு நடந்தால் நஷ்டம் வரும் வேலையாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது பொறுப்பு. இல்லையென்றால் வெறும் எடுபிடி.

பெரியவர்களின் கனவைச் சுமந்த பையன்

அடையாறின் இன்னொரு கதை, அடிவாங்கிய ஒரு மாணவனின் கதை. 1909-ல் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்த பையன் அவன். அம்மா இல்லை. பாடம் மண்டையில் ஏறவில்லை. மந்தமானவன் என்று முத்திரை குத்தப்பட்டு, வகுப்பில் பிரம்படி வாங்கினான். அந்த ஆண்டு, அடையாறு கடற்கரையில் அவனைப் பார்த்த பிரம்மஞான சபையின் லெட்பீட்டர், வருங்கால 'உலக ஆசான்' இவன்தான் என்று முடிவு செய்தார்.

பையனின் பெயர் ஜே.கிருஷ்ணமூர்த்தி.

ஒரே ஆண்டில் 'எதுக்கும் லாயக்கில்லை' என்ற முத்திரை போய், 'உலகத்தையே காப்பாற்றப்போகிறவன்' என்ற முத்திரை வந்தது. இரண்டையும் பெரியவர்களே குத்தினார்கள். அவனை யாரிடம் விடுவது என்று அப்பாவுக்கும் அன்னி பெசன்ட்டுக்கும் இடையே கோர்ட் வழக்கே நடந்தது. 1929-ல், தனக்காகவே உருவாக்கப்பட்ட அமைப்பை அவரே கலைத்துவிட்டு விலகினார்.

அப்படிப்பட்டவர் பிறகு பள்ளிகளோடு தொடர்புடையவராகவே வாழ்ந்தது தற்செயல் இல்லை. அடையாறில் 1973-ல் 'தி ஸ்கூல்' தொடங்கியது. 1978 முதல் தன் பள்ளிகளுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். பயமும் ஒப்பீடும் இருக்கும் இடத்தில் கற்றல் நடக்காது என்பதையே அவற்றில் திரும்பத் திரும்பச் சொன்னார். 'பக்கத்து வீட்டுப் பையனைப் பார்' என்று சொல்லும்போது, பார்க்கப்படாமல் போவது எதிரில் நிற்கும் உங்கள் பிள்ளை.

ஒப்பீட்டின் விலை தமிழ்நாட்டுக்குத் தெரியும். பொதுத்தேர்வு முடிவன்று மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று படத்தோடு செய்தி வந்த காலம் ஒன்று உண்டு. 2017 முதல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளுக்கு ரேங்க் பட்டியல் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அரசு நிறுத்தியதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புகள் இன்னும் நிறுத்தவில்லை.

குழந்தைகள் நடத்திய கோர்ட்

இனி யூதக் கல்வியாளர் ஒருவரின் கதை. போலந்து நாட்டின் வார்சா நகரில் குழந்தைகள் டாக்டராக இருந்தவர் யானுஷ் கோர்ச்சாக். இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். 1912 முதல் யூத அநாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்தினார். 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

அந்த இல்லத்தில் ஒரு கோர்ட் இருந்தது. நீதிபதிகள் குழந்தைகளே. 'என் பென்சிலை எடுத்துட்டான்', 'என்னை அடிச்சான்' என்று யார் வேண்டுமானாலும் வழக்கு போடலாம். சட்டப் புத்தகமும் உண்டு. அதன் முதல் 99 பிரிவுகள் மன்னிப்பைப் பற்றியவை. தெரியாமல் செய்தான், இனி செய்ய மாட்டான் என்று விடுவிக்க அத்தனை வழிகள். இல்லத்தை விட்டு வெளியேற்றும் தண்டனை கடைசியில், ஆயிரமாவது பிரிவில் இருந்தது.

பெரியவர்கள் மீதும் வழக்கு போடலாம் என்பதுதான் அந்தக் கோர்ட்டின் உயிர். ஆறு மாதத்தில் ஐந்து முறை கோர்ச்சாக்கே குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கிறார். ஒரு பையனைக் காதில் அறைந்தது ஒரு வழக்கு. ஒரு சிறுமி திருடியிருப்பாள் என்று சந்தேகப்பட்டது இன்னொன்று. நியாயம் பெரியவர் வாயிலிருந்து வருவதல்ல, பெரியவருக்கும் மேலே இருப்பது என்பதைப் பிள்ளைகள் அங்கே கண்ணால் பார்த்தார்கள். நேரில் பேசத் தயங்கும் பிள்ளைகள் எழுதிப்போட ஒரு தபால் பெட்டியும் வைத்திருந்தார். எழுதுவதற்குள் கோபம் பாதி இறங்கிவிடும் என்பது அவர் அனுபவம்.

நாஜிகளின் காலத்தில் அந்த இல்லம் வார்சாவின் கெட்டோவுக்குள் அடைக்கப்பட்டது. 1942 ஜூலை 18-ம் தேதி, அங்கே பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். ரவீந்திரநாத் தாகூரின் 'தபால் நிலையம்'. நோயால் அறைக்குள் அடைபட்ட ஒரு சிறுவன், ஜன்னல் வழியே வெளி உலகத்தோடு பேசும் கதை. வங்காளத்தில் எழுதப்பட்ட நாடகத்தில், சாவு எப்போது வரும் என்று தெரியாத யூதக் குழந்தைகள் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதத்தின் முதல் வாரத்தில் அவர்கள் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தப்பிக்க வாய்ப்பு வந்தும் கோர்ச்சாக் போகவில்லை. சுமார் 200 பிள்ளைகளோடு அவரும் போனார்.

கொல்கத்தாவில் யூதப் பள்ளி, முஸ்லிம் மாணவிகள்

யூதப் பள்ளிகள் இந்தியாவிலும் உண்டு. மும்பையில் பெனே இஸ்ரேல் யூதர்களுக்காக 1875-ல் தொடங்கிய பள்ளி, இன்று சர் எல்லி கடூரி பள்ளி என்ற பெயரில் நடக்கிறது. கொல்கத்தாவில் 1881-ல் தொடங்கியது யூதப் பெண்கள் பள்ளி. மிஷனரி பள்ளிகளுக்குப் போனால் பிள்ளைகள் தங்கள் மரபை மறந்துவிடுவார்களோ என்ற பயம் அதற்கு ஒரு காரணம்.

பிறகு யூதக் குடும்பங்கள் இஸ்ரேல், இங்கிலாந்து என்று கிளம்பிவிட்டன. கொல்கத்தாவில் மிஞ்சியவர்கள் ஒரு சில பத்துப் பேர். பள்ளி மூடப்படவில்லை. இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். யூத மாணவிகள் இல்லை. தன் சமூகத்துப் பிள்ளைகளுக்காகக் கட்டிய வீட்டை, ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்காகத் தொடர்ந்து நடத்துகிறது ஒரு சிறிய சமூகம்.

சென்னைக்கு இது புரியாத விஷயமில்லை. கான்வென்ட்டில் படித்த மயிலாப்பூர் மாமிகள் எத்தனை பேர்! கன்னியாஸ்திரிகளிடமிருந்து சிஸ்டர் சுப்புலட்சுமி கற்றார். அமெரிக்காவிலிருந்து வந்த கர்னல் ஆல்காட், 1894-ல் அடையாறுப் பக்கம் ஊரூரில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பெசன்ட் நகரில் இன்றும் அந்தப் பள்ளி அவர் பெயரில் நடக்கிறது. தங்கள் மதத்துக்கு ஆள் சேர்க்கிறார்களா என்ற சந்தேகத்தைத் தாண்டி, பெற்றோர் ஒரு பள்ளியை நம்பியது பிள்ளைகளை அங்கே எப்படி நடத்தினார்கள் என்பதைப் பார்த்துத்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இந்த ஆசிரியர்கள் யாரும் செல்போனைப் பார்த்ததில்லை. நீட் கோச்சிங்கும் அவர்களுக்குத் தெரியாது. ஆனால், அவர்கள் செய்ததில் இருந்து இன்றைய வீட்டுக்கு எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள் உண்டு.

* பேச்சை நீங்கள் தொடங்குங்கள்: 'இன்னிக்கு டெஸ்ட்ல எவ்வளவு?' என்பது பேச்சு இல்லை, விசாரணை. நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசினால் வாய் திறக்காத பிள்ளை, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போதோ, வெங்காயம் உரிக்கும்போதோ பேசும்.

* தீர்ப்புக்கு முன் வாக்குமூலம்: ஸ்கூலில் இருந்து புகார் வந்தால், முதலில் பிள்ளையின் தரப்பை முழுசாகக் கேளுங்கள். நடுவில் குறுக்கிடாமல். நேரில் சொல்லத் தயங்கினால், எழுதித் தரச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் சொன்னாலும் சரிதான்.

* ஒரு நிஜமான பொறுப்பு: கொடுத்த பிறகு பின்னாலேயே போய்ச் சரிபார்க்காதீர்கள்.

* தூக்கத்தில் கைவைக்காதீர்கள்: டீன் ஏஜில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தள்ளிப்போகிறது. தூக்கம் தாமதமாக வருவது முழுக்கச் சோம்பேறித்தனம் இல்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். அதிகாலை டியூஷனுக்குப் பிறகு ஸ்கூல், ஸ்கூலுக்குப் பிறகு கோச்சிங் என்று நாளை அடைத்தால், முதலில் பறிபோவது தூக்கம்தான்.

* இன்னொரு பெரியவர் இருக்கட்டும்: அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு சித்தி, ஒரு மாமா, ஒரு பி.டி. மாஸ்டர் வேண்டும். அவர்களிடம் பிள்ளை பேசினால் பொறாமைப்படாதீர்கள். என்ன சொன்னான் என்று தோண்டவும் வேண்டாம்.

* கை ஓங்காதீர்கள்: பள்ளியில் உடல்ரீதியாகத் தண்டிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில் தடை செய்திருக்கிறது. வகுப்பில் கூடாதது வீட்டுக்குள் மட்டும் நல்லதாகிவிடாது.

பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, நண்பர்களைக்கூடத் தவிர்க்கிறது, 'நான் இல்லாமப்போனா நல்லா இருக்கும்' என்ற மாதிரி பேசுகிறது என்றால், 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடாதீர்கள். உடனே உதவி தேடுங்கள். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' எண் 14416. குழந்தைகளுக்கான அவசர உதவி எண் 1098. மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. தேர்வு முடிவு வரும் வாரத்தில் இந்த எண்களை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாலும் தப்பில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. கோர்ச்சாக் ஆறு மாதத்தில் ஐந்து முறை பிள்ளைகள் முன் குற்றவாளியாக நின்றார். உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பாவோ பிள்ளையிடம் 'நேத்து நான் கத்துனது தப்பு' என்று கடைசியாக எப்போது சொன்னார்கள்? நினைவில்லை என்றால், இன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லிப்பாருங்கள். பதில் வராமல் போகலாம், பரவாயில்லை. நாலு நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு நேரத்தில், "ம்மா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று பிள்ளையே வந்து நிற்கலாம். அப்போது கையில் இருக்கும் போனைக் கீழே வைத்துவிடுங்கள்.